கிற்றாருக்குள் கண்ணாடி விட்ட யசிந்தா மிஸ்

கண்டாவளையில் ஒரு பாடசாலைக் கிணற்றுக்குக் குளோரின் இட்டுக்கொண்டிருந்தபோது சிவாவிடமிருந்து அழைப்பு வந்தது. சிவா, நான் முன்பு வேலை செய்த முல்லைத்தீவுச் சுகாதாரப் பணிமனையின் வாகனச் சாரதி. வழமையாக "அண்ணை, எங்கை நிக்கிறியள்?" என்று தொடங்கி, ஊர்க்கதையெல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் விசயத்துக்கு வருவான். அன்று நேரே வந்தான். "அண்ணை, யசிந்தா மிஸ் மோசம் போயிட்டா. விடிய எழும்பேக்கை நெஞ்சு நோகுதெண்டு சொன்னவாவாம். கொஞ்சத்திலை சீவன் போயிட்டுதாம்." நான் "எந்த யசிந்தா மிஸ்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த யசிந்தா மிஸ் ஒருவர்தான். சிவா அழுதான். கிணற்றடியில் நின்ற பாடசாலை அதிபர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஏதோ பெரிய பழுது என்று பயந்துபோனார்.

யசிந்தா மிஸ்ஸைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர் அல்ல. முல்லைத்தீவுக் கரையோரத்தில் பள்ளிக்கூடம் போன பலர், வாயைத் திறந்துகொண்டு அவருடைய முகத்தை மிகக் கிட்டத்தில் பார்த்திருப்பார்கள். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்பது அவருடைய பதவி. அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. 'பல்லு மிஸ்' என்றால் போதும். நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், "வாயைத் திறவுங்கோ பாப்பம். உள்ளுக்கை ஆர் கையெழுத்து வைச்சிருக்கினம் எண்டு பாக்கவேணும்" என்பார். கையெழுத்தா, அது எங்கே என்று அறியும் ஆசையில் வாய் தானாகவே திறந்துவிடும். பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த தந்திரம் அது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல. உள்ளே இருக்கும் கையெழுத்தில் அவருக்கு உண்மையாகவே பைத்தியம்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிணறு, மலசலகூடம், சாப்பாட்டுக் கடை, தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பி என்று என் வேலை வேறு. ஆனால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாட்களில் எல்லாரும் ஒரே வாகனத்தில்தான் போவோம். முன் இருக்கையில் யசிந்தா மிஸ். பின்னால் நானும், நிறை பார்க்கும் தராசும், உயரம் அளக்கும் தடியும். என்னுடைய முதல் பயணத்திலேயே திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்கடை ஆக்கள் தோட்டத்திலையிருந்து கிளிநொச்சிக்கு வரேக்கை கிற்றார் ஏதும் கொண்டு வந்தவையோ?" என் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வன்னியில் காடு வெட்டி வயல் செய்தவர்கள். என் பெயரைக்கூட இன்னும் சரியாகக் கேட்டறியாதவர் இப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "தப்பு மேளம்தான் கொண்டு வந்தவை மிஸ்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. "தப்பு ஒரு பக்கம் திறந்து கிடக்கும். உள்ளுக்கை பாக்க ஒண்டுமில்லை" என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று மத்தியான இடைவேளையில் அவரைக் காணவில்லை. சாப்பாட்டுப் பார்சலோடு தேடிப் போனால், சங்கீத அறையின் தரையில் சப்பாணி கட்டி இருக்கிறார். மடியில் ஒரு பழைய கிற்றார். நெற்றியில் கட்டிய ரோச் லைற். நீளக் கைபிடியுள்ள, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கிற்றாருக்குள் விட்டு, இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருக்கிறார். பரிசோதகனாகிய எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"மிஸ், உந்தக் கண்ணாடியை இனிப் பிள்ளையளின்ரை வாய்க்கை வைக்கப்போறியளோ?"

"இது கிற்றாருக்கெண்டு கழிச்சு வைச்சது. வாய்க்கு வேறை இருக்கு. எனக்குச் சுகாதாரம் படிப்பிக்காமல் இஞ்சை வந்து லைற்றைப் பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் பிடித்திருக்கிறேன்.

இந்தக் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னது. இப்போது கடைகளில் காணும் கிற்றாரில் நடுவே வட்டமாக ஒரு துவாரம் இருக்கும். உள்ளே ஒட்டிய லேபலைக் குனிந்து பார்த்தாலே வாசித்துவிடலாம். அதில் அவருக்கு ருசி இல்லை. அவர் தேடியது பழைய காலத்துக் கிற்றார்கள். முன்பக்கம் வயிறு புடைத்தது போல வளைந்திருக்கும். வட்டத் துவாரத்துக்குப் பதிலாக, வயலினில் உள்ளது போல இரண்டு பக்கமும் நெளிவான வெட்டுகள் மட்டும் இருக்கும். விரல் போகும், கண் போகாது. செய்த பட்டறையின் பெயரும் ஊரும் இலக்கமும் உள்ள லேபலை அடிப் பலகையின் உட்புறத்தில், ஒரு வெட்டுக்கு நேர் கீழே ஒட்டியிருப்பார்கள். ஆனால் லேபலிலும் அவருக்கு அரை ஆசைதான். அதற்குப் பக்கத்திலோ உட்கட்டைகளிலோ பென்சிலால் யாரோ எதையோ எழுதியிருப்பார்கள். மற்ற அரை ஆசை முழுவதும் அதில். "லேபல் கடைக்காரற்றை கதை. பென்சில் எழுத்துத்தான் வேலை செய்தவன்ரை கதை" என்பார்.

அந்தச் சங்கீத அறைக் கிற்றாரிலேயே அப்படி ஒன்று அகப்பட்டது. லேபல் தங்க நிற எழுத்தில் ஐரோப்பாவின் ஏதோ நகரத்தைச் சொன்னது. அதற்குக் கீழே, பென்சிலில், சிங்களத்தில் இரண்டே சொற்கள். படம் எடுத்துப் பணிமனைக்குக் கொண்டு வந்து, தெற்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்த உத்தியோகத்தர் ஒருவரிடம் காட்டினோம். "பியதாச. மழை" என்று வாசித்தார். ஐரோப்பாவில் பியதாசவுக்கு என்ன வேலை என்று பணிமனையே சிரித்தது. யசிந்தா மிஸ் சிரிக்கவில்லை. லேபல் பொய் என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒருவன் தன் பெயரை எழுதிவிட்டு ஏன் மழை என்று எழுதவேண்டும்? மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் எங்களை இருக்க விடவில்லை. காதலியின் பெயராக இருக்கலாம் என்றான் சிவா. கடைசியில் கதவு யன்னல் செய்யும் ஒருவரிடம் விசாரித்து விடையோடு வந்தார். மழை நாளில் பசை சரியாகக் காயாதாம். பின்னொரு நாள் கிற்றாரின் ஒட்டு விட்டுப்போனால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று பியதாச எழுதி வைத்திருக்கிறான். "முன்னுக்கே மன்னிப்புக் கேட்டு வைச்சிருக்கிறான், பாவம்" என்றார். அந்தப் பியதாசவை நேரில் அறிந்தவர் போல அவருடைய முகம் கனிந்திருந்தது.

அவரோடு போவதில் சங்கடங்களும் உண்டு. கோயில், கலியாணவீடு, வாசிகசாலை எங்கே போனாலும் மூலையில் கிற்றார் சாத்தியிருக்கிறதா என்றுதான் கண் தேடும். ஒருமுறை செத்தவீட்டில், பிரேதம் கிடக்க, பாட்டுக்காரரின் கிற்றாரை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கண்ணாடி விட்டார். நான் வெட்கத்தில் கதிரையை நகர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். திரும்பும்போது வாகனத்தில் பொரிந்து தள்ளினேன். "உதென்ன மிஸ் பழக்கம்? உள்ளுக்கை ஆற்றை பேர் கிடந்தால் உங்களுக்கு என்ன?"

பின்னால் திரும்பாமலே சொன்னார்.

அவருடைய தகப்பனார் சூசைப்பிள்ளை, மரத்தால் வள்ளம் கட்டியவர். வள்ளம் கட்டும் தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். கரையில் சூசை ஓடாவியார் என்றால் இரண்டு விசயத்துக்குப் பெயர். ஒன்று, அவர் கட்டிய வள்ளத்தில் தண்ணீர் ஏறாது. மற்றது, அவர் சொல்வதை நம்பமுடியாது. மாதா கோயில் அளவில் திருக்கை கண்டேன் என்பார். வழி தப்பிய கப்பல் கப்டன் தன்னைக் கூப்பிட்டுத் திசை கேட்டான் என்பார். ஊர் சிரித்துவிட்டுப் போகும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒன்றில் மட்டும் சிரிக்கமாட்டார். அது, அவர் தன் கையால் ஒரு கிற்றார் செய்த கதை.

"முழுக் கிற்றாரும் நான்தான் செய்தனான் எண்டுவார், தம்பி. எங்கை அது, ஆருக்குக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டால், பேர் சொல்லேலாது எண்டுவார். பேரில்லாத ஆளுக்குக் கிற்றார் செய்தவராம். ஊர் விடுமோ? நான் பள்ளிக்கூடம் போகேக்கை பெடியள் வயித்திலை தடவித் தடவிக் கிற்றார் வாசிச்சுக் காட்டுவாங்கள். அம்மாவுக்கு வெளிக்கிட்ட இடமெல்லாம் மானம் போகும். இண்டைக்கும் அம்மா அப்பான்ரை பேர் சொல்லமாட்டா. 'அந்தப் புளுகர்' எண்டுதான் சொல்லுவா." பிறகு குரல் இறங்கியது. "படுக்கையிலை கிடந்து, சாகப்போற நேரமும் அதைத்தான் சொன்னவர். திருக்கையையும் கப்பலையும் பற்றிக் கதைக்கேல்லை. கிற்றார் செய்தனான் பிள்ளை எண்டவர். சாகப்போற மனிசன் ஏன் புளுகவேணும்? எனக்கு அது ஒண்டு தெரிஞ்சால் போதும். அவர் புளுகரோ, இல்லையோ."

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதை விடவில்லை. ஆனால் எங்கே போனாலும் நானும் மூலைகளைப் பார்க்கத் தொடங்கினேன். கடலும் சண்டையும் கொண்டுபோனது போக அந்தக் கரையில் பழைய கிற்றார்கள் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சிய ஒவ்வொன்றுக்குள்ளும் சூசைப்பிள்ளை என்ற பெயர் இருக்குமா என்று பார்த்தோம். இருக்கவில்லை. அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் உடனே கண்ணாடியை எடுத்துவிடமாட்டார். உள்ளே வேறு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து முடித்துத்தான் எழும்புவார். ஒன்றில் ஒரு பூவின் படம். ஒன்றில் யாரோ கூட்டிக் கழித்த கணக்கு. ஒன்றில் பாதியில் நின்றுபோன ஒரு பெண்ணின் பெயர். எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடுதான் பார்த்தார்.

நாயாற்றுப் பாடசாலைக்குப் போன ஒரு நாளில் மரியதாஸ் என்ற கடற்றொழிலாளியின் வீட்டில் ஒரு கிற்றார் வந்திருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அவருடைய தகப்பனின் கிற்றார். நெடுங்காலம் மன்னாரில் உறவினர் வீட்டில் இருந்து, அண்மையில்தான் திரும்பி வந்திருந்தது. வேலை முடிந்ததும் போனோம். பணிமனை வாகனத்தைக் கண்டதும் மரியதாஸ் வலையைப் போட்டுவிட்டு எழும்பி, "மலசலகூடம் பாக்கவோ வந்தனீங்கள்? போன மாதம்தானே பாத்தது" என்று வாசலை மறித்தார். கிற்றார் பார்க்க வந்தோம் என்றதும் அவருக்கு இன்னும் சந்தேகம் கூடியது. யசிந்தா மிஸ்ஸைக் கண்ட பிறகுதான் முகம் மலர்ந்தது. அவருடைய கடைவாய்ப் பல்லை ஒரு காலத்தில் மிஸ் அடைத்திருக்கிறார்.

கிற்றாரை வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுவந்தார். புடைத்த வயிறு, நெளிவான வெட்டுகள், மண்ணிறப் பூச்சு. யசிந்தா மிஸ் பாயில் உட்கார்ந்து கண்ணாடியை விட்டார். அடிப் பலகையில் முட்டை வடிவ லேபல். வெளிநாட்டு எழுத்து, அச்சடித்த இலக்கம். பென்சில் கீறல்கூட இல்லை. "வெளிநாட்டான் செய்தது" என்றார். வழமைக்கு மாறாக, உள்ளே வேறு எதையும் தேடாமல் கண்ணாடியை எடுக்கப் போனார். அவ்வளவு களைத்திருந்தார் அன்று.

எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் கேலியாகச் சொன்னேன். "என்ன மிஸ், கீழ் வரிசை மட்டும்தானே பாத்தனீங்கள்? மேல் வரிசை?"

"லேபல் மேலை ஒட்டுறேல்லை தம்பி."

"பல்லு கீழை மட்டுமோ இருக்கு?"

முறைத்தார். முறைத்துக்கொண்டே கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பினார். தந்திகளுக்கு அடியில் இருக்கும் மேல் பலகையின் உட்புறம், ஒருவர் கண்ணுக்கும் அகப்படாத அந்த இருட்டு, கண்ணாடியில் விழுந்தது.

"லைற்றைக் கிட்டக் கொண்டு வாங்கோ. இன்னும் கிட்ட." பிறகு மெதுவாக, "விளிம்பு முழுக்கக் குங்கிலியம் தம்பி. பஞ்சும் வைச்சிருக்கு. கிற்றார் செய்யிறவன் குங்கிலியம் வைக்கான். இது தண்ணி ஏறாமல் அடைச்சிருக்கு" என்றார். வள்ளத்தின் பலகை இடுக்குகளைக் குங்கிலியமும் பஞ்சும் வைத்துத்தான் அடைப்பார்கள். கிற்றாருக்குள் கடல் வரப்போகிறது என்று யாரோ நினைத்திருக்கிறார்.

கண்ணாடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. குழந்தை யேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியாரின் சிறிய படம் ஒன்று மேல் பலகையில் ஒட்டியிருந்தது, முகம் கீழே பார்க்க. எட்டிப் பார்த்த மரியதாஸ், "அணியத்துக்குள்ளை ஒட்டுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அந்தக் கரையில் சில ஓடாவிகள், வள்ளத்தின் முன்பாகமான அணியத்தைப் பலகையால் மூடும்போது, அந்தப் பலகையின் உட்புறத்தில் ஒரு புனிதரின் படத்தை ஒட்டிவிட்டுத்தான் மூடுவார்களாம். மூடிய பிறகு ஒருவரும் பார்க்கமுடியாது. பார்ப்பதற்காக ஒட்டுவதும் அல்ல.

படத்துக்குக் கீழே தச்சரின் தடித்த பென்சிலால் எழுத்து. தமிழ் எழுத்து. கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரிந்ததால் வாசிக்க முடியவில்லை. யசிந்தா மிஸ் கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டார். நான் பிடிக்க, சிவா தன் போனை வெட்டுக்கு மேல் வைத்துத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தான். ஒன்று ஒருவாறு தெளிவாக விழுந்தது. அதைப் போனிலேயே இடம் வலமாகப் புரட்டி, உரத்து வாசித்தான்.

"மேல் பலகை மட்டும். சூசை ஓடாவி."

யசிந்தா மிஸ் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாதிப் புளுகு தம்பி" என்றார். "பாதிதான் புளுகியிருக்கிறார்."

மிச்சக் கதை மரியதாஸிடம் இருந்தது. தகப்பன் சாகமுதல் அவருக்குச் சொன்னது. கிற்றார் அப்போது கோயிலுடையது. பாட்டுக்குழுவில் இருந்த தகப்பன் அதை வள்ளத்தில் கொண்டுவரும்போது நங்கூரம் சரிந்து விழுந்து மேல் பலகை பிளந்துவிட்டது. பங்குச் சுவாமியாருக்குத் தெரிந்தால் பாட்டுக்குழுவை விட்டு நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் இரகசியமாக ஓர் ஓடாவியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். ஓடாவியார் மலைவேம்புப் பலகையை நனைத்து, நெருப்பில் காட்டி, வள்ளப் பலகை வளைப்பது போல வளைத்துப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆருக்கும் என் பேர் சொல்லக்கூடாது என்று தகப்பன் அவரிடம் சத்தியம் வாங்கினாராம். கோயிலுக்குப் புதுக் கிற்றார் வந்தபோது பழையதைத் தகப்பனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?" என்று யசிந்தா மிஸ் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் அடைச்ச மாதிரிக் கிடக்கெண்டு சுவாமியார் சொன்னவராம். மாரிக் குளிர் எண்டு எங்கடை ஐயா சொல்லிச் சமாளிச்சிட்டார். அந்த ஓடாவியார் உங்கடை அப்பாவெண்டு எனக்குத் தெரியாது மிஸ். தெரிஞ்சால் எப்பவோ சொல்லியிருப்பன்."

திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி. சத்தியத்தைக் காப்பாற்றினார், சரி. அதனால் பெயர் சொல்லவில்லை, அதுவும் சரி. ஆனால் ஊருக்கு முழுக் கிற்றார் என்று சொன்ன மனிதர், உள்ளே எழுதும்போது ஏன் 'மேல் பலகை மட்டும்' என்று எழுதினார்? "ஒட்டினாப் பிறகு ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு அவருக்குத் தெரியுமெல்லோ. முழுக்க நான் எண்டு எழுதியிருந்தால் ஆர் கேக்கிறது?" அந்தோனியாருக்குப் பயந்திருப்பார் என்றேன் நான். "எழுதேக்கை கை கூசியிருக்கும் மிஸ்" என்றான் சிவா. இரண்டையும் அவர் ஏற்கவில்லை. "எனக்கு விளங்கேல்லை" என்றார். இத்தனை சந்தோசமாக ஒருவர் விளங்கவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நேரே மிஸ்ஸின் தாயாரிடம் போனோம். றோசம்மா என்ற அந்த மனுசி கதிரையில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். யசிந்தா மிஸ் விசயத்தைச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தார். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அவற்றை எழுத்தில்லை" என்றார்.

"ஏனம்மா?"

"அந்த மனிசன் 'மட்டும்' எண்டு ஒரு சொல் வாழ்க்கையிலை சொன்னதில்லை."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி மறுபடி வாங்கிப் பார்த்தார். கடைசி எழுத்தின் வாலை விரலால் தொட்டார். பிறகு அரிசிச் சுளகை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த யசிந்தா மிஸ் மெல்லச் சொன்னார்: "அழுறா. அழுது கொண்டு ஏசுறா. மேல் பலகை மட்டும் எண்டு என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பனே எண்டு ஏசுறா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் 'புளுகர்' என்ற பேச்சு இல்லாமல் போயிற்று என்று பிறகு அறிந்தேன்.

தேடியது அகப்பட்டுவிட்டது, இனிக் கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "இவ்வளவு நாளும் அப்பாவைத் தேடினதிலை மற்றவையை ஒழுங்காப் பாக்கேல்லை. இப்பதான் ஆறுதலாப் பாக்கலாம்" என்றார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாத்தாவின் தப்பு சுவரில் தொங்குவதைக் கண்டதும் கழற்றித் தரச் சொன்னார். அம்மா என்னிடம், "என்னாத்த தேடுறாங்க அந்த மிஸ்ஸு?" என்று இரகசியமாகக் கேட்டார். யசிந்தா மிஸ் அதன் மர வளையத்தின் உட்புறம் முழுவதையும் கண்ணாடியால் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. "சொன்னனான் தானே" என்று எனக்கு வெற்றியோடு சொல்லிவிட்டு, அம்மாவின் ரொட்டியையும் சம்பலையும் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அவரை உயிரோடு கண்டது அதுதான் கடைசி.

முல்லைத்தீவில் அவருடைய வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சனம் நிறைந்திருந்தது. மரியதாஸ் கிற்றாரோடு வந்திருந்தார். பாட்டுக்காரர் அதைத்தான் வாசித்தார்கள். சத்தம் கொஞ்சம் அடைத்துத்தான் இருந்தது. வாசல் படலையில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்து மரண அறிவித்தல்களின் முறை உங்களுக்குத் தெரியும். இன்னாரின் அன்பு மகள் என்று வரும். தாய் தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள், ஓய்வுபெற்ற அதிபர், முன்னாள் தபாலதிபர் என்று அவர்கள் பார்த்த உத்தியோகம் வரும். நான் வாசித்தேன். பிழையாக வாசித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி வாசித்தேன்.

'காலஞ்சென்ற சூசைப்பிள்ளை (ஓடாவியார், கிற்றார் மேல் பலகை மட்டும்), றோசம்மா தம்பதிகளின் அன்பு மகள்.'

சிவா பக்கத்தில் வந்து நின்றான். அச்சகத்துக்குப் போனவன் அவன்தான். அச்சகக்காரர் இப்படி ஒருவரும் போடுவதில்லை என்று மறுத்திருக்கிறார். சிவா றோசம்மாவுக்குப் போன் எடுத்துக் கொடுத்தானாம். "நான் அவற்றை பெண்சாதி. எழுதினபடி போடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அறிவித்தலில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். றோசம்மா மகளின் தலைமாட்டில் கதிரையில் இருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் கவலையாகச் சொன்னார்கள். நான் கையைப் பிடித்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் மற்றக் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு உந்தச் சின்ன எழுத்துத் தெரியேல்லை. அவற்றை பேரடியிலை நான் சொன்னது முழுக்கக் கிடக்கோ?"

"கிடக்குது அம்மா."

"'மட்டும்' எண்டது? அதை அவங்கள் வெட்டேல்லையே?"

"வெட்டேல்லை. கிடக்குது."

"அப்ப சரி. அவள் அலைஞ்சது அதுக்குத்தானே" என்றார். தாளை என்னிடமிருந்து வாங்கி, மகளின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகுதான் அழத் தொடங்கினார்.

படலையில் ஒட்டியிருந்ததைச் சடங்கு முடிந்து எல்லாரும் போனபின் மெல்லக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது. யசிந்தா மிஸ்ஸுடையதாக என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான்.